திரையில் பச்சை

பிளவக்கல் அணைக்குக் கீழே இருக்கிற எங்கள் வீட்டில் டவர் கிடைப்பது இரண்டே இடங்களில்தான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே ஒன்று. வாசலில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இன்னொன்று. மாடியில் நின்றால் இரண்டு பக்கமும் கேட்கும். கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்கு விட்டு விட்டுத்தான் கேட்கும். அதனால் அம்மா என்னைத் திட்டுவதென்றால் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுவார். பதில் தேவைப்படாத பேச்சுக்கு அந்த இடம் போதும்.

மேற்கே மலை. அந்த மலைக்காடு 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அந்தப் பக்கமிருந்து சிக்னல் வர வழியே இல்லை. கிழக்கே கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கமிருந்து வருவதும் தென்னந்தோப்புகளைத் தாண்டி வரவேண்டும். மழையில் நனைந்த ஓலை சிக்னலைக் குடித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இதற்கெல்லாம் டெசிபல் கணக்கு இருப்பது எனக்குத் தெரிந்தது. ஊரில் அது எல்லோருக்கும் முன்பே தெரியும். "மழ பேஞ்சா டவர் போயிரும்" என்பதுதான் அந்தக் கணக்கு.

நான் சென்னையில் ஒரு மொபைல் கம்பெனியின் என்.ஓ.சி.யில் வேலை பார்க்கிறேன். என்.ஓ.சி. என்றால் தாலுகா ஆபீசில் வாங்கும் ஆட்சேபணை இல்லாச் சான்று என்றுதான் அம்மா பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார். "என் மகன் சர்டிபிகேட் குடுக்கிற வேலையில இருக்கான்" என்று தெருவில் சொல்லியும் இருக்கிறார். ஆயிரக்கணக்கான டவர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று இரவும் பகலும் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் அறை அது. நான் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற குழுவில் இருக்கிறேன்.

வீட்டில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் சித்தப்பா ஒருவர்தான். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகைத் திறப்பது, அடைப்பது, தினமும் காலையில் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவருடைய வேலை. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று அடுத்தடுத்து இரண்டு அணைகள். பெரியாறு என்றால் வெளியூர்க்காரர்கள் உடனே முல்லைப் பெரியாறா என்பார்கள். "அது வேற, இது எங்க பெரியாறு, 47 அடி" என்று சித்தப்பா சலிக்காமல் திருத்துவார். நான் என் வேலையை விளக்கியபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீயும் லஸ்கர்தான். நான் ரெண்டு அணை பாத்தேன். நீ ஆயிரம் அணை பாக்குற" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

*

ஒரு டவருக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் நிறைய நடக்கும். கரண்ட் போகும், பேட்டரி இறங்கும், ஏ.சி. நின்று சூடு ஏறும், யாராவது கதவைத் திறப்பார்கள், கண்ணாடி இழைக் கேபிளை ஜே.சி.பி. வெட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெட்டி ஒரு செய்தி அனுப்பும். அதை அலாரம் என்கிறோம். அலாரத்துக்குத் தரம் உண்டு. உயிர்போகிற பிரச்சினை சிவப்பு, அதற்கடுத்தது ஆரஞ்சு, சின்னது மஞ்சள். பிரச்சினை இல்லாதது பச்சை.

இந்தச் செய்திகளைக் கொண்டுவரும் பழைய வழிமுறைகளில் ஒன்று எஸ்.என்.எம்.பி. 1988ல் வந்தது, இன்னும் ஓடுகிறது. அதில் கருவி தானாக அனுப்பும் செய்திக்கு 'ட்ராப்' என்று பெயர். ட்ராப் என்பது தபால்பெட்டியில் போட்ட அஞ்சலட்டை மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது, வரவேண்டியது வரவில்லை என்று பெறுபவருக்கும் தெரியாது. பதில் வாங்கிக்கொள்ளும் வகை பிறகுதான் வந்தது. இந்தக் குறையைச் சமாளிக்க, மேலிருக்கும் மென்பொருள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டு "இருக்கியா?" என்று கேட்கும். பெட்டி "இருக்கேன்" என்று சொன்னால் பச்சை.

ஒரு கம்பெனியின் வலையில் ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகள் இருக்காது. எரிக்சன் கொஞ்சம், நோக்கியா கொஞ்சம், ஹுவாவே கொஞ்சம், இன்னும் சில. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேலாண்மை மென்பொருள். ஒரு கம்பெனி இன்னொன்றோடு சேரும்போது இரண்டு வீட்டுப் பாத்திரங்களும் ஒரே அடுப்படிக்கு வந்துவிடும். 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. அதே வருடத் தொடக்கத்தில் ஏர்செல் விழுந்தது. 1999ல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் சிம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்றாவது இருந்தது. திடீரென்று போன்கள் ஊமையாகி, நம்பரை மாற்றிக்கொள்ள எல்லோரும் கடை கடையாக நின்றார்கள். இந்தத் துறையில் எதுவும் நிலையாக நிற்பதில்லை. பெட்டி மாறும், 3ஜி போய் 4ஜி வரும், 5ஜி வரும், அதையெல்லாம் கண்காணிக்கும் மென்பொருளும் மாறவேண்டும்.

மாற்றுவது என்றால் உங்கள் போனில் 'அப்டேட்' அழுத்துவது போல இல்லை. நோயாளி முழித்திருக்கும்போதே அவர் மேல் கட்டியிருக்கும் இ.சி.ஜி. மெஷினை மாற்றுவது மாதிரி. நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மெஷின் இல்லாத அந்த நேரத்தில் அவருக்கு என்ன ஆனாலும் நமக்குத் தெரியாது.

*

2022 ஐப்பசியில் எங்கள் மேலாண்மை மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். மூன்று மாதத் தயாரிப்பு. எந்தக் கட்டளையை எந்த வரிசையில் யார் அடிக்கவேண்டும் என்று எழுதிய ஆவணம் நூறு பக்கத்துக்கு மேல் போனது. தப்பினால் எப்படிப் பின்வாங்குவது என்று தனி அத்தியாயம்.

அந்த வருடம் ஜூலை 8ஆம் தேதி கனடாவில் நடந்தது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. ரோஜர்ஸ் கம்பெனி தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தில் ஒரு வடிகட்டி விதியை நீக்கினார்கள். வழித்தடத் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மையம் விழுந்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், 26 மணி நேரம். அதில் என்னை உறுத்துவது இரண்டு விஷயங்கள். ஒன்று, கோளாறைச் சரிசெய்ய உள்ளே போகும் வழியும் அதே வலை வழியாகத்தான் இருந்தது. ஊழியர்களின் போனும் அதே கம்பெனிதான். ஒருவரையொருவர் கூப்பிட முடியவில்லை. இரண்டாவது, பிறகு வந்த விசாரணை அறிக்கையில் இருந்தது. முதல் கட்டத்தை 'அதிக ஆபத்து' என்று வகைப்படுத்தியிருந்தவர்கள், முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால் ஆறாவதைக் 'குறைந்த ஆபத்து' என்று இறக்கிவிட்டிருந்தார்கள். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கான சான்றாகிவிட்டது.

எங்கள் வேலை நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கியது. இந்த வேலைகளெல்லாம் ஊர் தூங்கும்போதுதான் நடக்கும். பழைய சர்வரை நிறுத்தி, தரவை நகர்த்தி, புதியதை எழுப்பி, ஒவ்வொரு டவராக இணைய விட்டோம். சாம்பல் நிறத்தில் இருந்த வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. 4 மணிக்குத் திரை முழுக்கப் பச்சை, வழக்கமான சில சிவப்புகள் தவிர. மேனேஜர் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். கைதட்டும் எமோஜிகள் வரிசையாக வந்தன. கீழே போய் டீ குடித்துவிட்டு அறைக்குப் போய்த் தூங்கினேன்.

அடுத்த இரண்டு நாட்கள் அம்மா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்றால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நாங்கள் அப்படித்தான் இருந்து பழகியிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை சித்தப்பா வத்திராயிருப்பிலிருந்து கூப்பிட்டார்.

"ஏலே, ரெண்டு நாளா ஊர்ல டவரே இல்ல. என்னத்தடா பாக்குறீக எல்லாரும்?"

"இல்லையே சித்தப்பா, எல்லாம் சரியாத்தான இருக்கு" என்றேன். திரை என் முன்னால்தான் இருந்தது. எங்கள் ஊருக்குச் சிக்னல் தரும் டவரின் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பச்சை. கரண்ட் இருக்கிறது, பேட்டரி முழுசாக இருக்கிறது, சூடு இல்லை, கதவு மூடியிருக்கிறது, அலாரம் எதுவும் இல்லை.

"நான் பத்து கிலோமீட்டர் வண்டில வந்து சொல்றேன், நீ சரியா இருக்குங்கிற" என்றார்.

பிறகுதான் அந்த டவரில் எத்தனை அழைப்புகள் போயிருக்கின்றன என்ற கணக்கைத் திறந்தேன். 53 மணி நேரமாகப் பூஜ்யம்.

*

இதற்கு எங்கள் துறையில் ஒரு பெயர் உண்டு. தூங்கும் செல். பெட்டியின் ஒரு பகுதி செத்துக் கிடக்கும், நிர்வாகத்தோடு பேசும் பகுதி மட்டும் முழித்திருக்கும். "இருக்கியா?" என்றால் "இருக்கேன்" என்று ஒழுங்காகப் பதில் சொல்லும். ஆனால் ஒரு போனைக்கூட உள்ளே விடாது. தான் தூங்குவது அதற்கே தெரியாது என்பதால் அலாரமும் அனுப்பாது.

எங்கள் ஊர் டவரில் இருந்தது அடிக்கடி அப்படித் தூங்கும் பழைய மாடல். எங்கள் அப்டேட் அதைத் தூங்க வைக்கவில்லை. இதுவரை அதை எழுப்பிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் நாங்கள் அணைத்துவிட்டோம். பழைய சர்வரின் ஒரு மூலையில், என்றோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிய நாற்பது வரி நிரல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரமாக ஒரு அழைப்புகூடப் போகாத டவர்களைப் பட்டியல் எடுத்து மெயில் அனுப்பும், அவ்வளவுதான். அது தயாரிப்பாளரின் மென்பொருளில் இல்லை. எந்த ஆவணத்திலும் இல்லை. எங்கள் நூறு பக்கத்திலும் இல்லை. பழைய சர்வரை நிறுத்தியபோது அதுவும் நின்றது. வந்த மெயிலைப் பார்க்க ஆள் உண்டு. வராத மெயிலை யார் பார்ப்பார்கள்?

இங்கே உட்கார்ந்தபடியே அந்தப் பெட்டியை ரீசெட் செய்தேன். நான்கு நிமிடம். அம்மாவின் போன் அடித்தது.

அந்த நிரலைத் தேடி எடுத்துப் புது சர்வரில் ஓட்டினோம். இன்னும் பத்து டவர்கள் வந்தன. மலையடிவாரம், கடலோரம், காட்டு விளிம்பு. ஒன்றுகூட நகரத்தில் இல்லை. நகரத்தில் ஒரு செல் தூங்கினால் பத்து நிமிடத்தில் புகார் வந்துவிடும். அங்கே மனிதர்களே அலாரம். எங்கள் ஊரில் டவர் போனால் யாரும் புகார் செய்வதில்லை. புகார் செய்யவும் டவர் வேண்டும். அதைவிட, போவது அவர்களுக்குப் பழகிவிட்டது. மழை பெய்தால் போகும், வரும்போது வரும்.

ஊருக்குப் போனபோதுதான் மீதி தெரிந்தது. இரண்டாம் நாள் ராத்திரி பக்கத்து வீட்டு அத்தைக்கு நெஞ்சு வலி. மகன் 108க்கு அடித்துப் பார்த்திருக்கிறான். மாடிக்கு ஓடியிருக்கிறான். எங்கள் தெருவில் மற்றக் கம்பெனி சிம்முக்கு ஒரு புள்ளிகூட வராது. கொட்டும் மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு கூமாப்பட்டி போய், அங்கிருந்து கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அத்தை பிழைத்துக்கொண்டார். சீக்கிரம் போயிருந்தால் என்ன வித்தியாசம் என்று டாக்டர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நான் பார்க்கப் போனபோது அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அது நீ வேல பாக்குற கம்பெனிதானய்யா?" என்று கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நம்ம பையன் பெரிய இடத்தில் இருக்கிறான் என்பதை வந்திருந்தவர்களுக்குத் தெரியப்படுத்துகிற குரல். நான் தலையை ஆட்டினேன்.

*

இப்படி எது நடந்தாலும் காரண அறிக்கை ஒன்று எழுதவேண்டும். நான்தான் எழுதினேன். அதில் 'பாதிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. 11 டவர்கள், மொத்த வாடிக்கையாளர்களில் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டால் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் வந்தன. அந்தக் கட்டத்தில் 'குறைவு' என்று எழுதினேன். பொய் இல்லை. விதிகளின்படியும் அதுதான் சரி.

டிராயின் 2009 தர விதிமுறையில், டவர்கள் செயலிழந்து கிடக்கும் மொத்த நேரம் 2 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று இருந்தது. ஒரு மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் செயலிழந்த டவர்களும் 2 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். இருந்தால் கம்பெனி தேர்ச்சி. நூறு டவர்களில் இரண்டு நாள் கணக்கில் கிடக்கலாம். எந்த இரண்டு என்று விதி கேட்காது. எங்கள் ஊர் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். 2024ல் வந்த புதிய விதிமுறை இன்னும் கடுமையானது. 24 மணி நேரத்துக்கு மேல் சேவை போனால் வாடிக்கையாளருக்கு ஈடு தரவேண்டும். ஆனால் அது மாவட்ட அளவிலான பெரிய முடக்கத்துக்கு. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு டவர் தூங்குவது முடக்கமே இல்லை.

இந்தத் துறையின் பெரிய விபத்துகளையெல்லாம் படித்திருக்கிறேன். 2018 டிசம்பரில் எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2 வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கில் ஒரு நாள் முழுக்க இணையம் இல்லாமல் இருந்தார்கள். 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் வழக்கமான ஒரு மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பின் விழுந்து, சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சேவை போனது. அந்த மாதமே தலைமை அதிகாரி பதவி விலகினார். கனடாவுக்கு விசாரணை அறிக்கை இருக்கிறது. அவற்றிலிருந்து நாங்கள் பாடம் படிக்கிறோம். மொத்தமாக விழுவது எல்லோருக்கும் தெரிகிறது. ஓரத்தில் ஒவ்வொன்றாக அணைவதைப் பற்றி அறிக்கை எழுதியது நான் ஒருவன்தான். நான் எழுதியது 'குறைவு'.

*

அதற்குப் பிறகு பூஜ்ய அழைப்பு விதியைப் புதிய மென்பொருளுக்குள்ளேயே சேர்க்கப் போராடினேன். கேட்பதற்கு எளிது. ஆனால் சின்ன ஊரில் நள்ளிரவு 1 மணிக்கு அழைப்பு பூஜ்யமாக இருப்பது இயல்பு. எல்லோரும் தூங்குகிறார்கள். டவர் தூங்குகிறதா, ஊர் தூங்குகிறதா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. போன வாரம் இதே கிழமை இதே மணிக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டோம். அப்போதும் பொய் அலாரங்கள் வந்தன. ஏற்கெனவே மழை நாளில் திரை நிற்காமல் ஓடும். பார்ப்பவர்கள் கண் மரத்துப்போய் உண்மையான சிவப்பையும் தவறவிடுவார்கள். "சத்தத்தைக் குறைக்கத்தான் புது சாப்ட்வேர் வாங்கினோம், நீ கூட்டுறியே" என்றார் மேனேஜர். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எதைச் சத்தம் என்று வடிகட்டுவது என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் இல்லை. யாருடைய மௌனம் கணக்கில் வரும் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. கடைசியில் பகல் நேரத்துக்கு மட்டும், நான்கு மணி நேர வரம்போடு அனுமதி கிடைத்தது. அத்தைக்கு வலி வந்தது ராத்திரியில். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

2025 ஜூனில் எங்கள் ஊர்ப்பக்கம் உலகத்துக்கே தெரிந்துபோனது. கூமாப்பட்டியைப் புகழ்ந்து ஒரு ரீல் வைரலானது உங்களுக்கும் நினைவிருக்கும். கார்களும் பைக்குகளும் அணையைப் பார்க்க வரிசையாக வந்தன. அணைப் பூங்காவைச் சீரமைக்க அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. அந்த வாரம் என் திரையில் எங்கள் டவர் முதல்முறையாகச் சிவப்பானது. நெரிசல். வந்தவர்கள் வீடியோ ஏற்ற முடியாமல் புகார் மேல் புகார் போட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் அந்த ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே கொள்ளளவைக் கூட்டவேண்டும் என்றார். பல வருடமாக நான் சொல்லாத பெயர். சொன்னால் சொந்த ஊருக்காகப் பேசுகிறான் என்பார்களோ என்று நானே வடிகட்டி வைத்திருந்த பெயர்.

அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் பழைய நோட்டு ஒன்றைப் பார்த்தேன். ஏதோ ஒரு கோடையில் எழுதியது. பக்கம் பக்கமாகத் தேதி, நேரம், நீர்மட்டம், வரத்து இல்லை, வெளியேற்றம் இல்லை. ஒவ்வொரு நாளும் அதே எண், அதே 'இல்லை', கீழே கையெழுத்து.

"ஒரு மாசமா மாறவே இல்லையே சித்தப்பா. ஒரு தடவ எழுதி, மாறும்போது மறுபடி எழுதினாப் போதாதா?"

"மாறலன்னு எப்படித் தெரியும்? போய்ப் பாத்தாத்தான தெரியும்" என்றார். "கட்டத்த வெறுமனே விட்டா தண்ணி இல்லன்னு அர்த்தமில்ல. லஸ்கர் வரலன்னு அர்த்தம்."

போன மாதம் மறுபடி ஒரு பதிப்பு மாற்றம். அதிகாலை 4.40க்குத் திரை முழுக்கப் பச்சை. முடிந்த பிறகு செய்யவேண்டிய சோதனைகளின் பட்டியலில் கடைசி வரியாக ஒன்றை இப்போது சேர்த்திருக்கிறோம். தூங்கக்கூடிய பழைய டவர்கள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று பார்ப்பது. டவரைப் பார்த்துக்கொள்கிற காவலாளி, பால் கறக்க எழுந்தவர், கடை திறப்பவர் என்று சொல்லிவைத்து வாங்கிய எண்கள். அந்த வரியைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். செய்யவும் செய்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு நான் கூப்பிட்டேன். ஆறு மணி அடித்து எடுத்தார் அம்மா.

"இந்நேரத்துல எதுக்குடா போன்? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கேக்குதா?"

"கேக்குது, சொல்லு."

"அவ்வளவுதான்" என்றேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார் போல. தூக்கத்தைக் கெடுத்ததற்குத் திட்ட ஆரம்பித்தார். நான் பட்டியலில் அந்த வரிக்கு நேரே 'சரி' என்று எழுதி, நேரம் போட்டேன்.